சர்வதேசப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: மணி அடித்த பிறகு தொடங்கும் படிப்பு

ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பு டிப்ளமோ. அதன் மொத்த மதிப்பெண் 45. ஆறு பாடங்களுக்குத் தலா ஏழு. மிச்சமுள்ள மூன்றும் மாணவரே ஆய்ந்து எழுதும் நீள்கட்டுரைக்கும், 'டிஓகே' எனப்படும் அறிவுக் கோட்பாடு பாடத்துக்கும் சேர்த்து. இந்த 45-ஐயும் ஒன்றுவிடாமல் வாங்கினாலும் 'காஸ்' முடிக்காத மாணவருக்கு டிப்ளமோ கிடையாது. காஸ் என்பது படைப்பாற்றல், உடல் உழைப்பு, சேவை மூன்றும் சேர்ந்த பகுதி. அதற்கு மதிப்பெண்ணே இல்லை. முடித்தாரா, முடிக்கவில்லையா என்பது மட்டும்தான் கணக்கு. பல குடும்பங்களுக்கு இது தெரியவரும்போது பாதிக் காலம் ஓடிவிட்டிருக்கும்.

வகுப்புக்கு வெளியே நடப்பதை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று நினைத்துச் சேர்ந்தால் இந்தச் சிக்கல் வரும். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குப் பட்டியல் சேர்க்கும் வேலை என்று நினைத்தால் வேறொரு சிக்கல் வரும்: எட்டு கிளப்பில் பெயர் இருக்கும், ஒன்றைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச வராது. ஓரிரு இடங்களில் ஓர் ஆண்டாவது நிலைத்து நிற்கும் மாணவருக்குத்தான் இந்தப் படிப்பு ஒட்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அப்படி நிற்பதற்கு வழிசெய்பவை.

எது கட்டாயம், எது விருப்பம்

முதல் வாரத்திலேயே இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐபி பள்ளி என்றால், தொடக்கநிலையின் கடைசி ஆண்டில், மாணவர்கள் ஆராய்ந்ததை எல்லோர் முன்னும் வைக்கும் கண்காட்சி உண்டு. நடுநிலைத் திட்டத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது 15, 16 வயதில், 'பர்சனல் ப்ராஜெக்ட்' வரும். மாணவரே தலைப்பு எடுத்து, ஏறத்தாழ 25 மணி நேரம் உழைத்து ஒன்றை உருவாக்கி, 15 பக்கத்துக்குள் அறிக்கை எழுத வேண்டும். திட்டமிடல், திறன்களைப் பயன்படுத்தியது, திரும்பிப் பார்த்தது என மூன்று அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு மதிப்பெண். செய்த பொருளுக்கு நேரடி மதிப்பெண் இல்லை. அழகான கிதார் ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, செய்த விதத்தைக் குறித்துவைக்காத மாணவர் தோற்பதும், பாதியில் உடைந்துபோன கிதாருக்கு ஏன் உடைந்தது என்று தேதிவாரியாக எழுதியவர் நல்ல மதிப்பெண் வாங்குவதும் இதனால்தான். முதல் நாளே ஒரு நோட்டைத் திறந்துவிடுங்கள்.

டிப்ளமோவில் காஸ். கேம்பிரிட்ஜ் போன்ற பிற பாடத்திட்டங்களில் இப்படி ஒரு பொதுக் கட்டாயம் இல்லை; ஆனால் பள்ளியே தன் விதியாக ஒன்றிரண்டு செயல்பாடுகளைக் கட்டாயமாக்கியிருக்கும். அதனால் ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் வகுப்புக்கு எது கட்டாயம்? எந்தத் தேதிக்குள்? எந்த மென்பொருளில் பதிய வேண்டும்? பல பள்ளிகளில் மேனேஜ்பேக் இருக்கும், சிலவற்றில் வெறும் கூகுள் ஃபோல்டர். மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆண்டு நடுவில் சேர்ந்தவருக்கு அந்தக் கணக்கு திறக்கப்படாமலே இரண்டு மாதம் போவது வழக்கமாக நடப்பதுதான்.

பதிவு வாரம்

பருவத் தொடக்கத்தில் செயல்பாடுகளுக்கான பதிவு ஆன்லைனில் திறக்கும். முந்தி வருபவருக்கே இடம் என்றால் நீச்சல், ரோபோட்டிக்ஸ், சமையல் மாதிரியானவை சில நிமிடங்களில் நிரம்பிவிடும். திறக்கும் நேரத்துக்கு முன்பே முதல் விருப்பம், மாற்று விருப்பம் இரண்டையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள்; இரண்டாம் வாரத்தில் பலர் விலகுவார்கள்.

பள்ளி அணிகள் வேறு. அவற்றுக்குத் தேர்வு நடக்கும், பருவத்துக்கு ஒரு விளையாட்டு என்று முறை இருக்கும். கால்பந்து பருவம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரலாம். விளையாட்டுக் காலண்டரை முதலிலேயே வாங்கிப் பாருங்கள். அணியில் இடம் கிடைக்காவிட்டால் ஸ்கோர் எழுதுபவர், உதவி நடுவர் போன்ற வேலைகளைக் கேட்கலாம். பயிற்சியாளர்களுக்கு எப்போதும் அதற்கு ஆள் தேவை. அடுத்த தேர்வில் உங்கள் முகமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எத்தனை எடுப்பது? ஒரு கிளப்புக்கு ஒரு மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருக்கும். உண்மையான நேரம் அது அல்ல. உடை மாற்றப் பத்து நிமிடம், முடிந்த பின் கடைசிப் பேருந்துக்காகக் காத்திருக்க இருபது முப்பது நிமிடம், வீடு போய்ச் சேர்ந்து களைப்பு தீர இன்னொரு அரைமணி. ஒரு மணி நேரச் செயல்பாடு இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். வாரத்தின் ஏழு நாட்களையும் கட்டம் போட்டு, வகுப்பு, பயணம், வீட்டுப்பாடம், தூக்கம் நான்கையும் முதலில் நிரப்புங்கள். மிஞ்சுகிற வெள்ளைக் கட்டங்களில் பாதியை மட்டும் கொடுங்கள். மீதிப் பாதி தேவைப்படும். ஒத்திகை வாரமும் போட்டி வாரமும் அதைத் தின்றுவிடும்.

முதல் பருவத்துக்கு இரண்டு போதும் என்பது எங்கள் கருத்து. ஒன்று உடம்பை அசைப்பது, ஒன்று ஏற்கெனவே பிடித்தது. புதியதை முயல்வது இரண்டாம் பருவத்தில். புது ஊர், புது மொழி, புதுப் பாடமுறை எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது, கைக்கு வருகிற வேலை ஒன்றாவது இருந்தால்தான் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும்.

முதல் கூட்டங்கள்

பெரும்பாலான கிளப்புகளை மூத்த மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். ஆசிரியர் ஓரத்தில் இருப்பார். புதிதாக வந்தவரை யாரும் அழைத்து உட்கார வைக்க மாட்டார்கள் என்பதைத் தயாராக எதிர்பாருங்கள். இரண்டாம் கூட்டத்தில் ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: நாற்காலி அடுக்குவது, வருகைப் பதிவு, போஸ்டர் அச்சடிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது. பேச்சு மொழி இன்னும் சரளமாகவில்லை என்றால் இது இன்னும் முக்கியம். மேடை ஒளி அமைப்பு, இசைக்குழு, ஓட்டம், சதுரங்கம் போன்ற இடங்களில் குறைவாகப் பேசியே பழகிவிடலாம். விவாத மேடைக்கு அடுத்த பருவம் போகலாம்.

சர்வதேசப் பள்ளிகளில் நண்பர்கள் அடிக்கடி ஊர் மாறிப் போவார்கள். பெற்றோரின் நாட்டிலும் இல்லாமல், வாழும் நாட்டிலும் முழுதாக ஒட்டாமல் வளரும் இந்தப் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று 1950-களில் ரூத் ஹில் யூஸீம் என்ற சமூகவியலாளர் அழைத்தார். ஒரே ஒரு தோழமையை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளை, அந்தத் தோழி கிளம்பிப் போகும் ஜூன் மாதத்தில் தனித்துப் போகும். வயது கலந்த கிளப் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

காஸ்: 18 மாதம் எப்படி ஓடும்

காஸ் டிப்ளமோ தொடங்கும்போதே தொடங்கி, குறைந்தது 18 மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும். முன்பு 150 மணி நேரம் என்றொரு கணக்கு இருந்தது. இப்போது மணிக்கணக்கு இல்லை. பழைய மாணவர்களோ இணையத்தில் கிடக்கும் பழைய ஆவணங்களோ 150 என்று சொன்னால் குழம்ப வேண்டாம். ஆனால் மணிக்கணக்கு போனதால் வேலை குறைந்துவிடவில்லை. ஏழு கற்றல் விளைவுகளுக்கும் சான்று காட்ட வேண்டும்: தன் பலத்தையும் வளர வேண்டிய இடத்தையும் அறிந்தது, சவாலை ஏற்றுப் புதுத் திறன் கற்றது, ஒன்றைத் தானே தொடங்கித் திட்டமிட்டது, விடாமல் நின்றது, பிறரோடு சேர்ந்து உழைத்தது, உலகளாவிய பிரச்சினை ஒன்றில் ஈடுபட்டது, தன் செயலின் அறத்தை யோசித்தது. ஒவ்வொன்றும் ஒருமுறையாவது தெரிந்தால் போதும். ஒரே செயல்பாட்டில் நான்கைந்து விளைவுகள் வெளிப்படலாம்.

கடைசியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அறம் பற்றியதுதான். அதற்குத் தனிச் செயல்பாடு தேட வேண்டாம். முதியோர் இல்லத்தில் படம் எடுக்கலாமா, அணித்தலைவராக நண்பனைத் தேர்வதா திறமையானவரைத் தேர்வதா, நன்கொடைப் பணத்தில் மிச்சம் வந்தால் யாரிடம் கேட்டுச் செலவழிப்பது — இப்படி ஒரு கேள்வி எந்த வேலையிலும் வந்தே தீரும். அது வரும் நாளில் எழுதிவைத்தால் முடிந்தது.

எடுத்த வேலை காஸில் சேருமா என்று பார்க்க நான்கு சோதனைகள் உண்டு. மூன்று பகுதிகளில் ஒன்றிலாவது பொருந்த வேண்டும். உங்கள் ஆர்வம், திறமை அல்லது கிடைத்த வாய்ப்பிலிருந்து கிளம்பியதாக இருக்க வேண்டும். ஐபி சொல்லும் கற்பவர் பண்புகளை வளர்க்க இடம் தர வேண்டும். டிப்ளமோ பாடத்துக்காகச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. நான்காவதில்தான் அதிகம் பேர் தடுக்கிவிழுகிறார்கள். ஓவியப் பாடத்துக்கு வரைந்த படத்தைப் படைப்பாற்றல் பகுதியில் காட்ட முடியாது. அதே மாணவர் மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவின் சுவரில் வரைந்தால் காட்டலாம்.

படிகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம்: காஸ் ஆலோசகரைச் சந்தித்து, இப்போது செய்துகொண்டிருப்பதையும் செய்ய நினைப்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 18 மாதத்தில் மூன்று முறை முறையான நேர்காணல் நடந்து பதிவாகும். முதலாவது தொடக்கத்தில், இரண்டாவது முதல் ஆண்டின் இறுதியை ஒட்டி, மூன்றாவது முடிவில். இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். ஒரே வாரத்தில் இருபது மணி நேரம் செய்துவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தால் 'தொடர்ந்து' என்ற நிபந்தனை உடையும். கோடை விடுமுறை முகாம் ஒன்றை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இதுதான் நேர்கிறது.

குழுவாகச் செய்யும் காஸ் ப்ராஜெக்ட் ஒன்று கட்டாயம். அது குறைந்தது ஒரு மாதம் நடக்க வேண்டும். ஆராய்தல், தயாராதல், செய்தல், திரும்பிப் பார்த்தல், வெளிப்படுத்தல் என ஐந்து கட்டங்கள். முதல் ஆண்டின் இரண்டாம் பாதியில் தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளினால் நீள்கட்டுரையின் இறுதி வடிவமும் பாடங்களின் உள்மதிப்பீடுகளும் பல்கலைக்கழக விண்ணப்பமும் ஒரே இடத்தில் வந்து மோதும். குழுவில் நான்கைந்து பேர் போதும். பத்துப் பேர் சேர்ந்தால் இருவர் வேலை செய்வார்கள், எட்டுப் பேர் புகைப்படத்தில் இருப்பார்கள்.

சேவை: கேட்ட பிறகு கொடுங்கள்

மனம் நல்லதாக இருந்தும் தவறு நடக்கும் இடம் இது. மாணவர்கள் கூடிப் பேசி, ஓர் இல்லத்துக்குப் பழைய உடைகளைத் திரட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஏற்கெனவே உடைகள் வைக்க இடம் இருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வாரம் இருமுறை கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். ஐபி தன் விதியிலேயே சேவை என்பது உண்மையான தேவைக்குச் செவிசாய்ப்பது, இருபக்கமும் பெறுவது என்று வைத்திருக்கிறது.

எனவே முதல் சந்திப்புக்கு எதையும் எடுத்துப் போகாதீர்கள். மூன்று கேள்விகளோடு போங்கள். இப்போது இங்கே யார் உதவுகிறார்கள்? எந்த நாளில், எந்த வேலைக்கு ஆள் குறைகிறது? நாங்கள் நடுவில் நின்றுவிட்டால் யாருக்குச் சிரமம்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் எவ்வளவு காலம் பொறுப்பேற்க வேண்டும் என்பது தெரியும். குழந்தைகளோடு பழகும் வேலை என்றால் ஆறு வாரம் வந்துவிட்டு மறைவதைவிட அந்த வேலையை எடுக்காமலிருப்பதே நல்லது.

சேவை நான்கு வகைப்படும்: நேரில் உதவுவது, ஆளை நேரில் காணாமல் உதவுவது, அதாவது ஒரு நூலகத்துக்கு இணையப்பக்கம் செய்து கொடுப்பது போல, ஒரு விஷயத்துக்காகப் பேசுவது, ஆய்ந்து தகவல் திரட்டித் தருவது. மொழி தெரியாத ஊரில் இருக்கும் மாணவருக்கு இரண்டாவதும் நான்காவதும் நல்ல தொடக்கம். நீர்நிலை ஒன்றின் தூய்மையை ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து ஓர் ஆண்டுக் கணக்கை உள்ளூர் அமைப்பிடம் கொடுக்கலாம். அப்படியொரு அட்டவணை அவர்களிடம் பெரும்பாலும் இருக்காது.

பாதுகாப்பு விதிகளில் தளர்வு வேண்டாம். சிறு குழந்தையோடு தனியறையில் இருக்கக் கூடாது. கைபேசி எண்ணைக் கொடுக்கக் கூடாது. முகம் தெரியும் படத்தை, பொறுப்பாளர் எழுத்தில் அனுமதிக்காமல் போர்ட்ஃபோலியோவில், அதாவது காஸ் சான்றுகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்பில்கூட ஏற்றக் கூடாது. சான்று வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம்: கைகளின் படம், தயாரித்த பாடத்திட்டம், வருகைத் தாள், பொறுப்பாளரின் இரண்டு வரி எல்லாமே சான்றுதான்.

எழுதிவைப்பது எப்படி

செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் பதிவுக்கு ரிஃப்ளெக்ஷன் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்காததால் வந்த சலிப்பு அது. வழக்கமாக வருகிற பதிவு இப்படி இருக்கும்:

"இன்று குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினேன். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன். பொறுமை எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது."

இதை எந்த நாளிலும், எந்த வேலைக்கும் எழுதிவிடலாம். ஆலோசகர் திருப்பி அனுப்புவது இதைத்தான். அதே நாளைப் பற்றி இப்படி எழுதலாம்:

"ஆறு பேரில் இரண்டு பேர் மூன்றாம் பக்கத்தில் எழுந்து போய்விட்டார்கள். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து வாசித்ததால் அவர்களுக்குப் படமே தெரியவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, கதையை முன்பே படித்துவிட்டுப் போகப் போகிறேன்."

இரண்டாவது பதிவில் என்ன நடந்தது, அதனால் என்ன தெரிந்தது, இனி என்ன செய்வேன் என்ற மூன்றும் இருக்கின்றன. ஐந்தாறு வரி போதும். எழுத்து வரவில்லை என்றால் ஒரு நிமிடக் குரல்பதிவு, ஓவியம், காணொளி எல்லாம் ஏற்கப்படும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுத வேண்டியதில்லை. ஏதாவது மாறிய நாள், தவறிய நாள், ஆச்சரியப்பட்ட நாள் போதும். ஆனால் அந்த வாரமே எழுதுங்கள். எட்டு மாதம் கழித்து ஒரே இரவில் இருபது பதிவு எழுதினால் இரண்டு பேர் எழுந்து போனது நினைவிருக்காது. மென்பொருளில் பதிவேற்றிய தேதி வேறு தெளிவாகத் தெரியும்.

மேற்பார்வையாளரின் குறிப்பையும் செயல்பாடு முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஆசிரியர்களும் ஊர் மாறுவார்கள். பெற்றோரோ உறவினரோ மேற்பார்வையாளராகக் கையெழுத்திடுவதைப் பள்ளிகள் பொதுவாக ஏற்பதில்லை.

டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச விருது

1956-இல் பிரிட்டனில் தொடங்கிய இந்த இளைஞர் விருதுத் திட்டம் பல சர்வதேசப் பள்ளிகளில் உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். வயது 14 முதல் 24 வரை. வெண்கலத்துக்கு 14, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16 வயதில் தொடங்கலாம். சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என நான்கு பிரிவுகள். தங்கத்தில் ஐந்து நாள், நான்கு இரவு வெளியில் தங்கிச் செய்யும் பணியும் சேரும்.

வெண்கலத்தில் முதல் மூன்று பிரிவும் தலா மூன்று மாதம், அவற்றில் ஏதாவது ஒன்று இன்னும் மூன்று மாதம். வெள்ளியில் தலா ஆறு மாதம், தங்கத்தில் தலா ஓர் ஆண்டு. கீழ்நிலையை முடிக்காமல் நேரே வெள்ளிக்கோ தங்கத்துக்கோ வருபவருக்கு ஒரு பிரிவில் கூடுதலாக ஆறு மாதம். சராசரியாக வாரம் ஒரு மணி நேரம் என்பது கணக்கு. விடுமுறையில் ஒரே வாரத்தில் பதின்மூன்று மணி நேரம் செய்து மூன்று மாதத்தை முடிக்க முடியாது. இங்கே செய்வதைக் காஸிலும் காட்டலாம், ஆனால் தானாக ஏறிவிடாது. அங்கே தனியாகப் பதிந்து எழுத வேண்டும்.

சாகசப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெண்கலத்துக்கு இரண்டு பகல் ஓர் இரவு, வெள்ளிக்கு மூன்று பகல் இரண்டு இரவு, தங்கத்துக்கு நான்கு பகல் மூன்று இரவு. நாளொன்றுக்கு முறையே ஆறு, ஏழு, எட்டு மணி நேரத் திட்டமிட்ட உழைப்பு. நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழு, மோட்டார் வாகனம் இல்லாமல், சொந்த முயற்சியில் போக வேண்டும். பெரியவர் தூரத்திலிருந்து கண்காணிப்பார், கூட நடக்க மாட்டார். முதலுதவியும் வழி கண்டறிதலும் பயின்று, ஒத்திகைப் பயணம் ஒன்று போய்வந்த பிறகே இது.

பெரும்பாலான பயணங்களைக் கெடுப்பது மூன்று விஷயங்கள்: காலணி, பையின் எடை, நனைந்த உடை. புதுக் காலணியைப் பயணத்தன்று முதன்முதலாக அணிந்தால் சில மணி நேரத்தில் குதிகால் கொப்பளித்துவிடும். நான்கு வாரம் முன்பே வாங்கி, அதே காலுறையோடு பள்ளிக்கும் மாடிப்படிக்கும் போட்டுப் பழகுங்கள். உரசல் தெரிந்தவுடன் நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த ஓய்விடம்வரை பொறுப்போம் என்று நடந்தால் மறுநாள் நடக்க முடியாது. குழுவுக்கு ஒருவர் பொறுத்துக்கொண்டால் ஆறு பேரும் நின்றுபோவார்கள்.

பை, தண்ணீரும் உணவும் சேர்த்து, உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 48 கிலோ எடையுள்ள மாணவிக்கு 12 கிலோதான் மேல்வரம்பு. ஐந்தில் ஒரு பங்கில் நிறுத்தினால் இன்னும் சுகம். வீட்டிலேயே எடை பாருங்கள்: தனியாக ஒருமுறை, பையோடு ஒருமுறை தராசில் ஏறினால் வித்தியாசம்தான் பையின் எடை. அடியில் தூங்கும் பை. நடுவில், முதுகை ஒட்டி, அடுப்பு, உணவு, கூடாரம் போன்ற கனமானவை. வெளிப்பக்கம் துணி. மேலே மழையாடை, முதலுதவி, வழியில் தின்பவை. கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், தோள் வலிக்கும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் முதலில் இறுக்கி, பிறகு தோள்பட்டையைச் சரிசெய்யுங்கள். சுமையை ஏற்க வேண்டியது இடுப்புதான்.

பைக்கு மேலுறை போட்டால் போதும் என்று நம்ப வேண்டாம். முதுகுப்பக்கமாக நீர் இறங்கும். உள்ளே கனமான பாலிதீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் பொருட்களை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். இரவுக்கென ஒரு ஜோடி காலுறையும் சட்டையும் தனியே சுற்றி வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது.

ஐநா மாதிரி மன்றம்

எம்யுஎன் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, ஐநாவில் போல விவாதித்துத் தீர்மானம் இயற்றும் மாநாடு இது. ஹேக் நகரில் நடக்கும் திமுன் மாநாடு 1968-இல் தொடங்கியது. புதியவர் முதலில் கேட்க வேண்டியது, தான் போகும் மாநாடு எந்த நடைமுறையைப் பின்பற்றுகிறது என்பது. திமுன் முறையில் தீர்மானத்துக்கான பிரிவுகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போய் லாபியிங்கில், அதாவது விவாதத்துக்கு முன் பிரதிநிதிகள் கூடிப் பேசி ஆதரவு திரட்டும் நேரத்தில், சேர்க்க வேண்டும். அமெரிக்க முறை மாநாடுகள் பலவற்றில் முன்பே எழுதி வருவது தடை. கண்டுபிடித்தால் பரிசுக்கான தகுதி போகும். இரண்டும் தெரியாமல் போனால் முதல் நாளே தடுமாற்றம்தான்.

நாடு ஒதுக்கப்பட்டதும் அந்த நாட்டைப் பற்றிப் பொதுவாகப் படிப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஐநா டிஜிட்டல் நூலகத்தில் அந்த நாடு எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தது என்று தேடலாம். ஆண்டுதோறும் செப்டம்பரில் தொடங்கும் பொதுச்சபை விவாதத்தில் அதன் தலைவர் பேசியதையும் படியுங்கள். உங்கள் தலைப்பு பற்றிய இரண்டு வாக்குகளும் ஒரு பத்தியும் கிடைத்தால் நிலைப்பாடு கையில் இருக்கிறது. உங்கள் சொந்தக் கருத்து அதற்கு நேரெதிராக இருந்தாலும் அந்த நாட்டுக்காகத்தான் பேச வேண்டும். இந்தப் பயிற்சியின் முழு மதிப்பும் அங்கேதான்.

தொடக்க உரை 60 முதல் 90 விநாடி. ஆங்கிலத்தில் 150 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். பதற்றத்தில் வேகமாகப் படிப்பதைவிட நிறுத்திப் படித்து முடிப்பது நல்லது. 'நான்' என்று பேசுவதைப் பல மாநாடுகள் ஏற்பதில்லை. 'இந்தப் பிரதிநிதி', 'எங்கள் நாடு' என்பதே வழக்கு. தீர்மானத்தில் பின்னணியைச் சொல்லும் முன்னுரைப் பிரிவுகள் காற்புள்ளியில் முடியும். செய்ய வேண்டியதைச் சொல்லும் செயற்பிரிவுகளுக்கு எண் உண்டு, அரைப்புள்ளியில் முடியும், கடைசிப் பிரிவில் மட்டும் முற்றுப்புள்ளி. "விழிப்புணர்வை வலியுறுத்துகிறது" என்று மட்டும் எழுதிய செயற்பிரிவை முதல் எதிர்க்கேள்வியே வீழ்த்திவிடும். யார் செய்வார், பணம் எங்கிருந்து, எப்போதுக்குள் என்ற மூன்றையும் உட்பிரிவுகளில் சொன்ன பிரிவு நிற்கும்.

பெற்றோருக்கு

அனுமதிப் படிவம் வந்தவுடன் மருத்துவப் பகுதியை முழுதாக நிரப்புங்கள். ஒவ்வாமை, இழுப்பு, தினசரி மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தால் மலைமுகாமில் ஆசிரியரின் கைகளை நீங்களே கட்டிப்போடுவதாக ஆகும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பிள்ளையின் பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுமா என்று இன்றே பாருங்கள். ஒரே குழுவில் பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் இருப்பதால், வகுப்புத் தோழனுக்கு விசா தேவையில்லை என்றால் உங்கள் பிள்ளைக்கும் தேவையில்லை என்று ஆகாது. பெற்றோரில்லாமல் சிறார் எல்லை கடக்கச் சில நாடுகள் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்கும்.

பிள்ளை ஒரு கிளப்பை விட்டுவிட வேண்டும் என்று சொன்னால் பருவம் முடியும்வரை போகச் சொல்லுங்கள். அணியும் நிகழ்ச்சியும் அவரை நம்பியிருக்கும். தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், யாராவது தொல்லை கொடுப்பதாகத் தெரிந்தால் பருவக் கணக்கு பார்க்காமல் உடனே நிறுத்தலாம். மாணவர் சார்பில் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதாதீர்கள். உட்கார்ந்து உதவுங்கள், அனுப்புவது பிள்ளையாக இருக்கட்டும்.

பள்ளி மாறும்போது

வேலை மாற்றம் வந்து நடுவில் கிளம்பும் குடும்பங்கள் அதிகம். போர்ட்ஃபோலியோ பள்ளியின் கணக்கில் இருக்கிறது. கடைசி நாளுக்குப் பிறகு அது மூடப்படலாம். இரண்டு வாரம் முன்பே முழுவதையும் பிடிஎஃப் ஆக இறக்கி, படங்களையும் குரல்பதிவுகளையும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். காஸ் ஒருங்கிணைப்பாளரிடம் இதுவரை நடந்த நேர்காணல்கள், ஒப்புக்கொள்ளப்பட்ட விளைவுகள், நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்டின் நிலை மூன்றையும் குறித்து ஒரு கடிதம் கேளுங்கள். விருதுத் திட்டத்தில் இருப்பவர் தன் ஆன்லைன் பதிவேட்டைப் புதுப் பள்ளிக்கோ அங்குள்ள வேறொரு விருது மையத்துக்கோ மாற்றச் சொல்ல வேண்டும். 25-ஆம் பிறந்தநாளுக்குள் எந்த நாட்டிலும் தொடர்ந்து முடிக்கலாம். நீங்கள் நடத்திவந்த கிளப் என்றால் கணக்குப் புத்தகம், கடவுச்சொற்கள், தொடர்பில் இருந்த அமைப்பின் பொறுப்பாளர் எண் ஆகியவற்றை இளைய மாணவர் ஒருவரிடம் ஆசிரியர் முன்னிலையில் ஒப்படைத்து, அந்த அமைப்புக்கு அவரை நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.